ஊசி வரிசையும் மடு அகப்பையும்

எங்கள் தீவில் ஈரலுக்கு ஒரேயொரு வருத்தந்தான் உண்டு, அது சாராயம். ஆகவே என் ஈரல் பழுது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றே, நான் இத்தனை வருசமாக ஒளித்துக் குடித்திருக்கிறேன் என்று எங்கள் தெரு முடிவுகட்டிவிட்டது. பலருக்குக் கோபமே இல்லை. இவ்வளவு கெட்டித்தனமாக மறைத்தேனே என்ற மரியாதைதான்.

வீட்டில் உண்மையாகவே குடிப்பவர் என் மனுசன். அவரையும் சோதித்தார்கள். அவருடைய ஈரலில் ஒரு குறையும் இல்லையாம். மீன்வாடிவரை நடந்துபோய் எல்லோருக்கும் அதைச் சொன்னார். பிறகு அந்தச் சந்தோசத்துக்காக வழமையைவிடக் கொஞ்சம் கூடக் குடித்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனது கால் வீக்கத்துக்கு. கால் வீங்கினால் வயிற்றை ஏன் ஸ்கான் பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். டொக்டர் சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. சி வகைக் கிருமி ஒன்று முப்பது வருசமாவது என் இரத்தத்தில் குடியிருந்து ஈரலைத் தின்றிருக்கிறதாம். ஈரல் தழும்பேறி இறுகிவிட்டதாம். தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்து, உள்ளே வீங்கியிருந்த இரத்த நரம்புகளுக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். நண்டு கடிக்காமலிருக்க நாங்கள் அதன் காலைக் கட்டுவோமே, அதே வேலைதான். அதை நான் சொன்னதும் டொக்டர் சிரித்தார்.

மூன்று மாதம் தினமும் குளிசை போட்டால் கிருமி செத்துவிடும். தழும்பு போகாது. ஈரலில் புற்று வருகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் பண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கேட்டது ஒரே கேள்வி: மடுவில் சமைக்கலாமா?

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. ஆகஸ்ட் மாதம் மடு மாதா கோயில் திருநாளுக்கு எங்கள் தெரு முழுக்க ஒரே லொறியில் போகும். மரத்தடியில் கூடாரம் அடிப்போம், எல்லோருக்கும் ஒரே உலை. அந்த உலைக்கு அகப்பை பிடிப்பவள் நான். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குக் கோயில் கூட்டத்தில் வேறு என்ன பதவி கிடைக்கும்? ஆனால் அந்த நாட்களில், பள்ளிக்கூடத்து அதிபரும் தட்டோடு என் முன்னால்தான் நிற்பார்.

டொக்டர் தெளிவாகச் சொன்னார்: "இது ரத்தத்திலயிருந்து ரத்தத்துக்குத்தான் அம்மா போகும். சாப்பாட்டால தொத்தாது, கோப்பையால தொத்தாது. வடிவாச் சமையுங்கோ."

அதைத் தெருவில் வந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? என் மனுசனின் தங்கை, என் மச்சாள், அன்று பின்னேரமே வந்தாள். கையில் ஒரு ரோசாப்பூ நிறப் பிளாஸ்டிக் கோப்பை. இனி யார் வீட்டுக்குப் போனாலும் எனக்குத் தேத்தண்ணி அதில்தானாம். குரலில் தேன் வழிந்தது.

"மச்சாள், இந்தமுறை நீங்கள் ஆறுதலா இருந்து செபமாலை சொல்லுங்கோ. அடுப்பை நாங்கள் பாக்கிறம்."

போகும்போது சுவரில் கொழுவியிருந்த அகப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். கள்ளுக்கொட்டிலில் ஒரே குவளை பத்து வாய்க்குப் போய்வருகிறது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை. நான் தொட்ட வெண்காயந்தான் பயம்.

அந்தோனியார் திருநாளுக்கு மச்சாளே சமைத்தாள். சொதியில் தேங்காய்ப்பால் திரைந்துபோய்க் கிடந்தது. சனம் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி மௌனமாகச் சாப்பிட்டது. நானும் என் கோப்பையில் கொஞ்சம் வாங்கிக் குடித்து, நல்லாயிருக்கிறது என்றேன். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியிருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர், கிருமி எப்படி வந்தது என்று விசாரித்தார். ஒப்பரேசன் நடந்ததா, இரத்தம் ஏற்றியதா, பச்சை குத்தியதா? ஒன்றுமில்லை. ஊசி? அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

சண்டைக் காலத்தில் படகேறி இந்தியாவுக்குப் போய் முகாமில் இருந்தோம். முகாமுக்கு வெளியே ஒரு ஊசிக்காரர். நல்ல மனுசன், சிரித்த முகம். காய்ச்சலுக்கும் ஊசி, முழங்கால் வலிக்கும் ஊசி, ஊர் நினைப்பில் நித்திரை வராவிட்டாலும் ஊசி. வெறும் குளிசை கொடுப்பவரை நாங்கள் வைத்தியராகவே எண்ணுவதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அவர் வாசலில் வரிசை. ஒருவருக்குக் குத்திய ஊசியை வெந்நீர்ப் பேணியில் ஒரு முக்கு முக்கி, பஞ்சால் துடைத்து, அடுத்தவருக்குக் குத்துவார். எவ்வளவு துப்புரவு என்று புகழ்ந்திருக்கிறோம்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "அந்த லைன்ல உங்களோட நிண்டவை இப்ப எங்க?"

"எங்கட தெருவிலதான். மடுவுக்கு ஒரே லொறியில போறவை."

அத்தனை பேரும் வந்து இரத்தம் சோதிக்கவேண்டும் என்று என்னிடமே சொல்லி அனுப்பினார். இப்படியொரு செய்தியைச் சுமந்து வரும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. பஸ்ஸில் இருப்புக்கொள்ளவில்லை.

மச்சாள் வீட்டு முற்றத்தில் பெண்கள் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். ஊசிக்காரரில் தொடங்கி, டொக்டர் சொன்னதுவரை ஒன்றும் விடாமல் சொன்னேன். கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. மச்சாள்தான் கேட்டாள்.

"மச்சாள், நான் உங்களுக்கு முன்னாலயோ பின்னாலயோ நிண்டனான்?"

"பின்னால. ஊசிக்குப் பயத்தில என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு."

அவளுடைய முகத்தைப் பார்த்ததும், பஸ்ஸில் வந்த சந்தோசம் பாதியாகக் குறைந்தது. பக்கத்தில் போய் இருந்தேன். தள்ளி இருக்கச் சொல்லவில்லை.

எல்லோரும் சேர்ந்து போய்ச் சோதித்தோம். பலருக்கு இல்லை, சிலருக்கு இருந்தது, மச்சாளுக்கும் இருந்தது. ஆனால் அவளுடைய ஈரல் என்னுடையது மாதிரி இறுகவில்லை. குளிசையோடு தப்பிவிடலாம் என்றார் டொக்டர். அதன் பிறகு தெருவில் நடந்த கல்வி வளர்ச்சியைப் பார்க்கவேண்டும். இரத்தத்திலிருந்து இரத்தத்துக்கு மட்டுந்தான் போகும், சாப்பாட்டால் தொற்றாது என்று மச்சாளே வீடு வீடாகப் போய் எனக்குப் படிப்பித்தவள் மாதிரி விளங்கப்படுத்தினாள். பிளாஸ்டிக் கோப்பை பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆளுக்கொரு நிறமென்றால் அத்தனை நிறத்துக்குக் கடையில் எங்கே போவது?

மடுவுக்கு லொறி புறப்படும் காலையில் அகப்பை என் மடிக்கு வந்தது. குளிசை முடித்துக் கொடுத்த இரத்தத்தின் சோதனை முடிவு அப்போது வரவேயில்லை. கிருமி போய்விட்டது என்று பிறகுதான் சொன்னார்கள். ஸ்கான் மட்டும் இன்னும் தொடர்கிறது.

மரத்தடியில் முதல் நாள் சொதி இறக்கும்போது, உப்புப் பார்க்கக் கைக்கு வேறொன்றும் அகப்படவில்லை. என் ரோசாப்பூக் கோப்பையில் ஊற்றி மச்சாளிடம் நீட்டினேன். வாங்கினாள், ஊதி ஊதி முழுவதையும் குடித்தாள்.

"உப்புக் காணாது மச்சாள்," என்று சொல்லிக் கோப்பையைத் திரும்ப நீட்டினாள். "இன்னொருக்கா விடுங்கோ, பாப்பம்."