எண்ணெய்த் தலையும் இரண்டு பாட்டில் பாலும்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதைத் தவிர அதிகம் எழுதியதில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போது தடுமாறுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. மறக்க விடாதது பொறாமைதான் என்கிறாள் என் மகள். இருக்கட்டும்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவிக்கு வந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. எங்கள் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கு வலிப்பு வரும். எதிர்வீட்டுக்காரியும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் மகனுக்கும் அதே வியாதி. ஒரே கஷ்டம் என்றால் ஒட்டுதல் வரும் என்பார்கள். எங்களுக்கு அப்படி வரவில்லை.

"யக்கா, உங்க மவளுக்கு நேத்தும் வந்துட்டாமே? எம் பயலுக்கு இந்த மாசம் ஒண்ணுமே இல்ல" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் சொல்வாள். நான் பாதி நிரம்பிய குடத்தோடு திரும்பி வந்துவிடுவேன். அவளுக்கு ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு; போலீஸ்காரனிடம்கூட நின்று பேசுவாள். நான் பால்காரரிடம் 'தூத்' என்று கேட்பதற்கே கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

எனக்கு அவளிடம் இளப்பமாய் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மகன் தலை எப்போதும் வறண்டு, விளக்குமாறு மாதிரி நிற்கும். என் மகளுக்கு நான் ஒருநாளும் எண்ணெய் வைக்காமல் விட்டதில்லை.

அந்தச் சமயம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வலிப்பு வரும் பிள்ளைகளை வைத்து மூளையைப் பற்றி ஆராய்ச்சி தொடங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததாம். ரிசர்ச் என்ற சொல் எங்கள் வீட்டு வரிசையில் யார் வாயிலும் நுழையவில்லை. 'ரிசர்வு' என்போம், ரயிலில் இடம் பிடிப்பது மாதிரி. ஒருவகையில் அது சரிதான். அதில் இடம் கிடைத்த பிள்ளைக்கு மாத்திரை ஒருநாளும் நிற்காது. நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பாள். எங்களைப் போல வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு இருந்தால் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் இருக்காது.

நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு ஒரே நாளில் போய்ப் பெயர் கொடுத்தோம். கடைசியாக ஒரு இடம்தான் இருக்கிறது, மறுநாள் மூளையைப் பார்க்கிற மிஷினில் பார்த்து எடுப்போம் என்றார்கள். என் மகள் பெயர்தான் முதலில் இருந்தது. வாசலில் இருந்த ஆயா மராத்திக்காரி. எனக்கு ஹிந்தி வராது என்று கண்டு "அம்மா, வா, உட்காரு" என்று இரண்டொரு வார்த்தை தமிழில் சொன்னாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கிளம்பும்போது சொன்னாள்:

"கல் சுபே ஆனா அம்மா. பால் தோக்கே லானா."

காலையில் வரச் சொல்கிறாள் என்பது புரிந்தது. தோ என்றால் இரண்டு, லானா என்றால் கொண்டு வா. அந்த அளவுக்குத் தெரியும். பாலை எனக்காகத் தமிழிலேயே சொல்கிறாள் என்று நினைத்தேன். மிஷினைக் கண்டு பிள்ளை பயப்படும், குடிக்கக் கொடுக்கத்தான் இரண்டு பால் கேட்கிறார்கள் என்று நானாகவே பொருளும் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அவளும் கொண்டுவருவாள்.

மறுநாள் விடியும் முன்னே தபேலா என்கிற மாட்டுக்கொட்டகையில் எருமைப்பால் வாங்கிக் காய்ச்சி, இரண்டு பாட்டிலில் ஊற்றி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் முன்னால் போகிறோமே என்று மகளுக்கு உச்சி குளிர எண்ணெய் தேய்த்து, இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டினேன். எதிர்வீட்டுப் பயல் சோப்புப் போட்டுக் கழுவிய தலையோடு வந்தான். முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பறந்தது. இன்றைக்காவது ஒரு சொட்டு வைத்திருக்கலாம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அவள் என் மகளின் தலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தலை நல்லா பளபளன்னு இருக்கேக்கா" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். மிஷின்காரர் பசை மாதிரி ஒன்றைத் தொட்டு, ஒயரை மகளின் தலையில் வைத்தார். வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது. மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு சின்ன டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் தமிழில் பேசினார்.

"எண்ணெய் வெச்சிண்டு வந்திருக்கேளே, ஒயர் எப்படிம்மா ஒட்டும்? தலையை அலம்பிண்டு வரச் சொன்னாளே?"

"பால் ரெண்டு கொண்டாரத்தான் சொன்னாங்க" என்று பாட்டிலை எடுத்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஹிந்தியில பால்னா தலைமுடிம்மா. தோக்கேன்னா கழுவிட்டு" என்றார். "இன்னிக்கோட சேர்க்கை முடியறது. வர்ற பணத்துக்கு இத்தனை குழந்தைதான்னு கணக்குப் போட்டிருக்கா. நான் என்ன பண்றது?"

குழாயடி வெளியேதான் இருந்தது. இப்போதே கழுவிக்கொண்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டுக்காரியாக இருந்தால் சொல்லியிருப்பாள், சண்டையே போட்டிருப்பாள். நான் பாட்டில்களை மறுபடி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். அடுத்து அவள் மகனைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தபோது அவன் தலையெல்லாம் பசை. பசி என்று அழுதான். அவள் கூச்சமே படாமல், "யக்கா, பால் வச்சிருக்கியளாமே? பயலுக்கு ஒரு வாய் குடுங்க" என்றாள். கொடுத்தேன். ஒரு பாட்டிலை முழுசாகக் குடித்தான்.

அன்றைக்கு மிஷினிலிருந்து கிழித்துப் போட்ட நீளக் காகிதம் ஒன்றை அவள் கேட்டு வாங்கிவந்தாள். அலை அலையாகக் கோடு. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். "எம் பயலோட மூளை எழுதுனது. நல்லாப் பாருங்க." வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது எனக்கு நேர் எதிரே அந்தக் காகிதம்தான் தெரியும். என் மகளின் மூளையும் ஏதாவது எழுதியிருக்கும். அதை யாரும் எழுதவிடவில்லை.

வாரம் தவறாமல் நர்ஸ் எதிர்வீட்டுக்கு வந்தாள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவாள். பயலுக்கு வலிப்பு குறைந்து, பிறகு நின்றே போயிற்று. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனான். எங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் மாத்திரை தீர்ந்துபோன சமயத்தில் மகள் அடுப்பங்கரையில் விழுந்தாள். வலது மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அவளுக்கும் வலிப்பு வருவதில்லை. ஆனால் எனக்கு வளையல் போட்டுவிடும்போதெல்லாம் அந்தக் கைதான் முன்னே வருகிறது.

அவர்கள் பிறகு மான்குர்த் பக்கம் போய்விட்டார்கள். அங்கிருந்து தாணே என்றும் சொல்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஆயா சொன்ன ஹிந்தியை நான் சரியாக எழுதியிருக்கிறேனா, அந்த மிஷினுக்கு என்ன பெயர் என்று பாருங்கள். அந்த எதிர்வீட்டுக்காரி இருக்கிறாள் என்றால், பஸ்ஸில் என் மகளின் தலையைப் பார்த்தபோது எண்ணெய் ஆகாது என்று அவளுக்குத் தெரியுமா என்றும் கேளுங்கள். தெரியும் என்றால் வந்து சொல்லுங்கள். தெரியாது என்று சொன்னால் எனக்குச் சொல்ல வேண்டாம்.