கடலடி வெந்நீர் ஊற்று

எண்பதுகளில் ஆரணியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். வெயில் எட்டாத கடலடியில் எதுவும் வாழாது என்று பாடம் நடத்தினேன். மறுநாள் ஒரு மாணவியின் அம்மா, பட்டு நெய்யும் சரோஜா, பள்ளிக்கே வந்துவிட்டார்.

"கடலுக்கு அடியில வெந்நீர் ஊத்து கீதாம், அங்க புழுவெல்லாம் வாழுதாம் சார். நெய்துகினே ரேடியோவுல கேட்டேன்."

"கதையெல்லாம் நம்பாதீங்கம்மா" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன்.

சில மாதங்கள் கழித்து நூலகத்தில் ஓர் இதழில் அதே செய்தி இருந்தது. கூசிப்போய் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நீங்க சொன்னதுதான் சரிங்க. மன்னிச்சிடுங்க."

அவர் தறியை நிறுத்தினார். "அத்த வுடுங்க சார். வெயிலே இல்லாம அதுங்க இன்னா துன்னுது? அத்த கேக்கறதுக்குள்ள பேட்டரி தீந்துபோச்சு."

ஊற்றுநீரின் ரசாயனத்தால் வாழும் நுண்ணுயிர்கள்தாம் அவற்றுக்குச் சோறு போடுகின்றன என்றேன். கண்கள் விரியக் கேட்டவர், "அந்த ஊத்து நின்னுபோச்சுன்னா அதுங்க இன்னா பண்ணும் சார்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அன்றுதான் முதன்முறையாக எனக்குக் கூச்சமாக இல்லை.