அண்ணா கையெழுத்து வைக்காத தாள்

எங்கள் அண்ணா பருத்தித்துறையில், தபாலதிபராக இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்தவர், இப்போது மெல்பேர்னில் வாழும் அக்கா. கடைசி நான். அண்ணா பிறந்த திகதியும் மறைந்த திகதியும் இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ளன. இடையில் உள்ளவற்றை நான் தரப்போவதில்லை. யாருடைய கலியாணம் எந்தக் கிழமை நடந்தது, அன்று மழை பெய்ததா என்பது வரை குறித்து வைக்கும் என்னை அறிந்த உறவினர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அண்ணாவின் வாழ்க்கையில் ஒரு திகதியை நான் எழுதியதால் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு உங்களுக்கும் புரியும்.

அண்ணா பேராதனையில் பொறியியல் படித்தார். கொழும்பில் வேலை கிடைத்துச் சில ஆண்டுகளில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் வந்தது. இருந்த அறையும் சான்றிதழ்களும் எரிந்துபோக, மற்றவர்களைப் போலக் கப்பலில் வடக்கே வந்து சேர்ந்தார். பிறகு தனியாக ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். சிட்னியின் லிட்கமில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். எரிந்த சான்றிதழ்களுக்குப் பிரதி எடுத்து முடித்ததும் ரயில் சமிக்ஞைப் பிரிவில் பொறியியலாளராகச் சேர்ந்தார். முதலில் அக்காவையும், பிறகு அப்பா அம்மாவையும், கடைசியாக என்னையும் கூப்பிட்டார். அண்ணியைக் கைப்பிடித்து நார்த்மீட்டில் வீடு வாங்கினார். அப்பா இறந்ததும் அந்த வீட்டில்தான்.

ரயில் வேலையை விட்டு, ஆஸ்திரேலிய விமானப் படைக்கான ஒரு திட்டத்தில் அண்ணா சேர்ந்தது அவருடைய நாற்பதுகளின் நடுவில். முன்னெச்சரிக்கை விமானங்கள் வாங்கும் திட்டம் அது. நிலத்தில் நிற்கும் ராடாருக்குப் பூமியின் வளைவு மறைக்கும். அதே ராடாரை உயரத்தில் கொண்டுபோனால், தாழப் பறந்து வருவதையும் தொலைவிலேயே காணலாம். அதற்காக ஒரு பயணிகள் விமானத்தின் முதுகில், மீனின் செட்டை போல நீளமான ஒரு ராடாரைப் பொருத்துகிறார்கள். பழைய வகைகளில் பெரிய தட்டு ஒன்று சுழலும். இதில் எதுவும் சுழலாது, கதிர் மட்டும் திரும்பும். உள்ளே திரைகளின் முன் ஆட்கள் இருந்து, வருவது யார் என்று பார்த்துச் சொல்வார்கள். இவையெல்லாம் பத்திரிகைகளில் வந்தவை. அண்ணா சொன்னவை அல்ல. நாடு கடையில் இருந்த ஒரு பொருளை வாங்கவில்லை, செய்து தருவோம் என்ற ஒரு வாக்கை வாங்கியது. செய்ததைப் பரிசோதித்து, சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்கும் பொறியியலாளர்களில் அண்ணாவும் ஒருவர்.

அந்த வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கான படிவத்தில், வாழ்ந்த ஒவ்வொரு முகவரியும் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கேட்டிருந்தார்கள். இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணா என் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"நீ எழுதி வைச்சிருப்பாய்தானே?"

"எதை?"

"நாங்கள் ஓடி ஓடி இருந்த வீடெல்லாத்தையும்."

நான் குறிப்பெழுதும் கொப்பிகளை எடுத்தேன். அப்பாவின் இடமாற்றங்கள், கொழும்பு அறைகள், கப்பலால் இறங்கிய பிறகு தங்கிய உறவினர் வீடுகள் எல்லாம் இருந்தன. பின்னேரத்துக்குள் படிவம் நிரம்பிவிட்டது.

"உன்ர விசர் ஒருநாள் உதவும் எண்டு அம்மா அப்பவே சொன்னவ," என்றார் அண்ணா.

திங்கட்கிழமை விடிய நார்த்மீட்டிலிருந்து புறப்பட்டு நியூகாசிலுக்கு அப்பால் உள்ள தளத்துக்குக் காரோட்டிப் போவார். வியாழன் அல்லது வெள்ளி திரும்புவார். இது ஓராண்டு, ஈராண்டு என்றுதான் தொடங்கியது. ஆனால் விமானங்கள் வரவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த நாள் கடந்தது, திருத்திய நாளும் கடந்தது. அண்ணாவின் தலை நரைத்தது, முதுகு வலி வந்தது, பிள்ளைகள் இருவரும் அவர் இல்லாத கிழமை நாட்களில் வளர்ந்தார்கள். வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. களைத்தவர்களுக்குச் சண்டை போடவும் இயலாது.

வெளியே கேலி வேறு. லிட்கமில் ஒரு பிறந்தநாள் விழாவில் அண்ணியின் தாய்மாமன் ஒருவர், சாப்பாட்டுத் தட்டோடு அண்ணாவுக்குப் பக்கத்தில் வந்தமர்ந்தார்.

"என்ன தம்பி, உங்கட பிளேன் இன்னும் வரேல்லையோ? நான் ஜன்னல் பக்கமா ஒரு சீட் சொல்லி வைச்சிருக்கிறன்."

"வரும் மாமா."

"எப்ப?"

"வரும்."

மேசை முழுவதும் சிரித்தது. அன்று முதல் உறவினரின் பிள்ளைகள் அண்ணாவை 'வரும் அங்கிள்' என்றே கூப்பிட்டார்கள். அதே மேசையில் இருந்த ஓர் அன்ரி மட்டும், "குண்டு போடுறதோ?" என்று கேட்டார். "இல்லை அன்ரி, பாத்துச் சொல்லுறது மட்டும்," என்றார் அண்ணா. "அப்ப நல்லம். அங்க குண்டு போட வரேக்க எங்களுக்கு ஆரும் சொல்லேல்லை," என்று அவர் சொல்லிவிட்டுப் பாயாசம் எடுக்கப் போனார்.

இனி என் பிழை.

சிட்னியில் அப்போது வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் மாத சஞ்சிகைக்கு நான் கட்டுரைகள் எழுதி வந்தேன். பரமட்டா நூலகத்தில் அமர்ந்து, பத்திரிகைகள், நாடாளுமன்றக் குழுக்களின் பதிவுகள், கணக்காய்வு அறிக்கைகள் எல்லாவற்றையும் வாசித்து, 'வராத விமானம்' என்ற தலைப்பில் ஒரு காலவரிசை தயாரித்தேன். ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. முடிவில், இந்தக் கோப்பின் மேல் எந்த மேசையில் யார் உறங்குகிறாரோ என்றும் கேட்டிருந்தேன். அண்ணாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் எழுதியதே நேர்மை என்று நினைத்தேன்.

ஒரு வரி மட்டும் எந்த அறிக்கையிலும் இல்லாதது. அந்த ஆண்டு அப்பாவின் திவசத்துக்கு அண்ணா வரவில்லை. அப்பாவின் திவசம் மூத்த மகன் செய்ய வேண்டியது. அதுவரை அண்ணா ஒருமுறையும் தவறியதில்லை. ஐயர் நார்த்மீட் வீட்டில் காத்திருந்தார். அண்ணா தொலைபேசியில், "வேலை. நீ செய்," என்று மட்டும் சொன்னார். நான் செய்தேன், கொப்பியிலும் எழுதினேன். முந்திய கிழமைதான் ஒரு பெரிய பறப்புச் சோதனை முடிந்ததாகப் பத்திரிகைகளில் வந்திருந்தது. முடிந்திருந்தால் அண்ணா அப்பாவின் திவசத்தை விட்டிருக்க மாட்டார். ஆகவே அது சரிவராமல் மீண்டும் செய்கிறார்கள் என்று கணித்தேன். கணித்ததைக் காலவரிசையில் நிச்சயமான ஒரு வரியாகவே எழுதிவிட்டேன். இடைவெளி விடுவது எனக்குப் பிடிக்காது.

என் கணிப்புச் சரியாக இருந்தது. அதுதான் கேடு.

கட்டுரையை யாரோ மொழிபெயர்த்து உரிய இடத்துக்கு அனுப்பினார்கள். யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம் அண்ணா தொலைபேசியில் வந்தார். புதன்கிழமையில் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"உன்ர கட்டுரையில திரும்பவும் டெஸ்ட் செய்தவை எண்டு ஒரு வரி இருக்கு. ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணா. நானா..."

"எனக்குச் சொல்லாத. கேக்க ஆக்கள் வருவினம், அவையிட்டச் சொல்லு. என்னை வீட்டை நிக்கச் சொல்லிப்போட்டினம்."

அண்ணாவின் பாதுகாப்பு அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. அண்ணா எனக்கு எதுவும் சொல்லவில்லை, நானாகவே கணித்து எழுதினேன் என்பதை யாராவது நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அண்ணாவுக்கு அந்த வேலை மட்டுமல்ல, அது போன்ற எந்த வேலையும் இனி இல்லை.

பரமட்டாவில் ஓர் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகை நறுக்குகளையும் அறிக்கைப் பிரதிகளையும் இரண்டு பெட்டிகளில் கொண்டு போனேன். ஓர் அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், எதிரே இருந்தார். பக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் மொழிபெயர்ப்பாளர். என் கட்டுரையை வரிக்கு வரி எடுத்து, "இது எங்கேர்ந்து எடுத்தீங்க சார்?" என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தாளை எடுத்து வைத்தேன். முதல் மணித்தியாலம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வரி வந்தது.

"இது, சார்?"

வைக்கத் தாள் இல்லை. கொப்பியை எடுத்து விரித்தேன். மொழிபெயர்ப்பாளர் வாசித்தார். 'அப்பாவின் திவசம். அண்ணா வரவில்லை. வேலையாம். ஐயர் காத்திருந்தார். நான் செய்தேன்.' அதிகாரி, இதில் விமானம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"எங்க வீட்டுலயும் தெவசம் உண்டு சார், நான் சொல்லிப் பாக்கறேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் விளக்கினார். இறந்த தந்தைக்கு ஆண்டுதோறும் செய்வது, மூத்த மகன் செய்ய வேண்டியது, அந்த மகன் அன்று வரவில்லை. அதிகாரி கொப்பியின் முந்தைய பக்கங்களைப் புரட்டச் சொன்னார். முந்தைய ஆண்டுகளின் திவசங்கள் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் அண்ணா இருந்தார்.

"அவர் வராததற்கு உங்களுக்குச் சொன்ன காரணம் என்ன?"

"வேலை எண்டவர். அவ்வளவுதான்."

"அதற்கு மேல் நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்டால் சொல்ல மாட்டார்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பெட்டிகளையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு என்னை அனுப்பினார்கள்.

பதினொரு கிழமை, இரண்டரை மாதம், அண்ணா வீட்டில் இருந்தார். மழைநீர்ப் பீலிகளைத் துப்புரவு செய்தார், வேலியைத் திருத்தினார், திருத்தத் தேவையில்லாத குசினி அலுமாரியையும் கழற்றித் திரும்பப் பூட்டினார். பிறகு அனுமதி திரும்பி வந்தது, ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு. அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "நீ பிழையா எழுதேல்லையடா. அதுதான் பிரச்சினை. இனி நான் வாறது போறதை எழுதாத." அதன் பிறகு நான் எழுதவில்லை. அண்ணாவின் மீதி வாழ்க்கையில் எனக்குத் திகதிகள் இல்லாதது அதனால்தான்.

அந்தத் திட்டம் மேலும் பிந்தியது. பத்திரிகைகள் திட்டின. கடைசியில் விமானங்கள் வந்தன, இப்போது பறக்கின்றன. குடும்பங்களை அழைத்து ஒரு நாள் காட்டினார்கள். அண்ணா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுவிட்டு, "சரி, பாத்தாச்சு, ட்ரபிக்குக்கு முதல் வெளிக்கிடுவம்," என்றாராம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் களைப்பு அவரை விட்டுப் போகவில்லை. பின்பு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பரமட்டாவுக்கு அருகே மருத்துவமனையில் மூன்று மாதங்கள் மாறி மாறி இருந்தோம். இறுதி நாட்களில் அவர் பேசியதெல்லாம் பிள்ளைகளைப் பற்றியும் அக்காவின் முழங்காலைப் பற்றியும்தான். ஒரு காலை, அண்ணி கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போனார்.

இறுதிக் கிரியை அன்று, அண்ணாவோடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் நியூகாசிலிலிருந்து வந்திருந்தார். கட்டுரை எழுதிய தம்பி நான்தான் என்று அறிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். அண்ணா வீட்டில் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், அந்த மறுசோதனை சரி என்று ஏற்றுக் கையெழுத்திட வேண்டிய அறிக்கை அவருடைய மேசையில் கிடந்தது. வேறு ஒருவர் கையெழுத்து வைத்திருக்கலாம். 'வைக்கவில்லை. அது எங்கள் துணிவு அல்ல, எங்களில் ஒருவருக்கும் அந்தத் தாளில் தன் பெயர் இருக்க விருப்பமில்லை.' அண்ணா திரும்பி வந்தார். பதிவுகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க ஒரு மாதம் கேட்டார். 'எப்போது முடியும் என்று ஒவ்வொரு நாளும் யாராவது கேட்டோம். மாத முடிவில், ஏற்க முடியாது என்று எழுதித் தந்தார். சரிசெய்ய இரண்டு வருடம் போனது. சரிசெய்யாமல் வாங்கியிருந்தால் என்ன என்பதை நான் சொல்லக்கூடாது.' பிறகு என் கையைக் குலுக்கிவிட்டுப் போய்ப் பின்னால் இருந்தார்.

எந்த மேசையில் யார் உறங்குகிறார் என்று நான் அச்சில் கேட்ட கேள்விக்கு, அதுதான் பதில். அந்த மேசையைப் பதினொரு கிழமை வெறுமையாக்கியவனும் நான்தான். அவரோடு வேலை செய்தவர்கள் தயங்காமல் கையெழுத்து வைத்திருந்தால், அண்ணா பார்க்காமலே அந்தத் தாள் போயிருக்கும்.

எங்களோடு மருத்துவமனையில் விழித்திருந்த தாதியருக்கும் வைத்தியர்களுக்கும், மூன்று மாதமும் சமைத்து அனுப்பிய நார்த்மீட் அயலவர்களுக்கும், முழங்கால் வலியோடு மெல்பேர்னிலிருந்து மாதம் இருமுறை வந்த அக்காவுக்கும், கிரியைகளைச் செய்வித்த ஐயருக்கும், நியூகாசிலிலிருந்து வந்த அந்தப் பெரியவருக்கும், நேரிலும் தொலைபேசியிலும் துயர் பகிர்ந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெரியவர் சொன்னது அண்ணிக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திரும்ப வேலைக்குப் போன அந்த மாசம் மனிசன் நித்திரை கொள்ளேல்லை, தம்பி. சாப்பாடும் இல்லை. நான் சுகர் எண்டு நினைச்சு டொக்டரிட்டக் கொண்டு போனனான். இரத்தம் எல்லாம் எடுத்துப் பாத்தவை, ஒண்டும் இல்லை. நானும் விடேல்லை, மூண்டு மாசம் சீனியில்லாத் தேத்தண்ணிதான் குடுத்தனான். ஒரு சொல்லுச் சொல்லாமல் குடிச்சவர்."