அத்தையின் காலும் ஐந்து மணி கார்ட்டூனும்

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் அக்கா. அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே தடித்து வீங்கியிருக்கும். தெருவில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் வேலை பார்த்தவளை, கால் வீக்கம் வற்றிய பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அக்கா பயிற்சி சொல்லிக்கொடுத்தார். விரலிலிருந்து முழங்கால் வரை பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கணுக்காலைச் சுழற்ற வேண்டும். பிறகு சுவரைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். கட்டு இல்லாமல் செய்யவே கூடாது. குனிந்து தானே சுற்றிக்கொள்ள அத்தையால் முடியாது. அம்மாவும் அப்பாவும் ஆபீசிலிருந்து வர ஏழு மணி ஆகும். ஆகவே கட்டுவதும் எண்ணுவதும் என் பொறுப்பு.

முதல் மாதம் நான் எங்கள் பி.டி. சாரைவிடக் கண்டிப்பு. குதிகால் சரியாக எழும்பாவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. அத்தை சிரித்துக்கொண்டே செய்வாள். மாதக் கடைசியில் நாடா வைத்து அளந்ததில் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அத்தை கம்பெனிக்குப் போன் போட்டு, "சீக்கிரமே வந்துடுவேன் சார்" என்று சொல்லியும்விட்டாள்.

பிறகுதான் டிவியில் ஐந்து மணிக்கு அந்தக் கார்ட்டூன் வந்தது. கட்டு சுற்றவே இருபது நிமிடம் ஆகும்.

"இன்னிக்கு ஒரு நாள் கட்டு வேணாம் அத்தை. சும்மா செஞ்சா ஈஸியாத்தானே இருக்கும்?"

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி, போய்ப் பாரு கண்ணு. நானே எண்ணிக்கறேன்."

அந்த ஒரு நாள் மூன்று வாரம் நீடித்தது.

அடுத்த முறை அளந்தபோது கால் பழைய அளவையும் தாண்டியிருந்தது. "கட்டு கட்டுனீங்களா, இல்லையா?" என்று பிசியோதெரபி அக்கா கேட்டார்.

"நான்தான் மேடம், சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அத்தைக்குத் திட்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற என்னைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள், தவறு அத்தையுடையதுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

நம்பியதோடு நின்றிருக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது அம்மா விசாரித்ததும் முந்திக்கொண்டு சொன்னேன். "அத்தை கட்டே கட்டிக்கலையாம், அம்மா. அந்த அக்கா செம திட்டு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன், நீ கட்டிவிடலையா?"

"அவ கட்டிவிடத்தான் கூப்பிட்டா. நான்தான் வேணாம்னுட்டேன்," என்றாள் அத்தை.

"என்ன அண்ணி இது? இப்படி இருந்தா எப்ப வேலைக்குப் போறது?"

அப்பா தட்டோடு எழுந்து போனார்.

அடுத்த மாதம் கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அத்தை அதன்பிறகு வேலைக்கே போகவில்லை. ஆனாலும் இன்றுவரை என்னை அதிகம் உறுத்துவது அந்தச் சாப்பாட்டு வேளைதான். சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்தால் தன் முகமே அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவள் பயந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.