குட்டைக்கரை நுரைக் கூடுகள்

பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் அறுநூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் காய்ச்சியவள் கினுயோ. ஓய்வு பெற்று ஏழாண்டாகியும் அவள் குரல் இறங்கவில்லை. ஜூன் மாதச் சனிக்கிழமைக் காலையில் அந்தக் குரல் தெருச் சங்கத் தலைவர் தோகாஷியின் வாசலில் வெடித்தது.

"தலைவரே! நாளைக்குக் குட்டையை வத்த வெக்கப் போறீங்களாமே? யாரைக் கேட்டு?"

பல் துலக்கிக்கொண்டிருந்த தோகாஷி வாயைக் கொப்பளித்துவிட்டு, வீடு வீடாகச் சுற்றிவரும் சங்கத்து அறிவிப்பு அட்டையை எடுத்து நீட்டினார். கரைச்சுவர் வேலையால் மார்ச் மாதத் துப்புரவு இந்த ஆண்டு ஜூனுக்குத் தள்ளிப்போகிறது, குட்டை வற்றவைக்கப்படும், கரையோரக் கிளைகள் வெட்டப்படும். கீழே, படித்ததற்கு அடையாளமாகப் பதினேழு வீட்டு முத்திரைகள். ஒன்பதாவது அவளுடையது.

"உங்களையுந்தான் கேட்டோம், கினுயோசான். பாருங்க, எவ்ளோ நேரா குத்தியிருக்கீங்க!"

அவள் படிக்கவில்லை. அந்தத் தெருவில் யாரும் படிப்பதில்லை. அட்டை வந்தால் முத்திரை குத்தி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுவார்கள். தோகாஷி மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. மீதிப் பாதிக்கு அதனால் காரம் கூடியது.

அவள் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருந்தது அந்தக் குட்டை. ஆண்டுதோறும் மே கடைசியில் பச்சை மரத்தவளைகள் கரை மரங்களில் ஏறி, தண்ணீருக்கு மேலே நுரைக்குள் முட்டையிடும். இரண்டு வாரத்தில் மழையில் நுரை கரைந்து, தலைப்பிரட்டைகள் தண்ணீரில் சொட்டும். எந்த நாளில் எத்தனை கூடு என்று நாட்காட்டியில் குறித்துவைப்பாள். கணவரை எரித்த நாளின் கட்டத்திலும் 'இரண்டு கூடு' என்றுதான் இருக்கிறது. இந்த முறை மூன்று. தண்ணீர் இல்லாவிட்டால் விழுகிற குஞ்சுகள் சேற்றில் காய்ந்துபோகும்.

"மரத்துல தவளைக் கூடு இருக்கு. ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."

"பதினேழு வீட்டுலயும் ஞாயித்துக்கிழமையை ஒதுக்கி வெச்சிருக்காங்க. தவளைக்காக மாத்துறதா? நான் அதை யாரோ பாத்திரம் கழுவின நுரைன்னுல்ல நெனச்சேன்."

"மரத்துல ஏறிப் பாத்திரம் கழுவுறது உங்க வீட்டுப் பழக்கமா?"

கதவு சாத்தப்பட்டது.

ஞாயிறு எட்டு மணிக்கு மதகைத் திறந்தார்கள். கினுயோ ரப்பர் காலணியோடு சேற்றில் இறங்கி, தன் பக்கத்து இரண்டு கூடுகளுக்கும் கீழே ஊறுகாய்த் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்து, அங்கேயே காவல் நின்றாள். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாவது கூடு எதிர்க்கரையில் இருந்தது. தோகாஷியின் வெட்டும் இயந்திரம் அங்கே உறுமியது.

"நிறுத்துங்க! அதைத் தொடாதீங்க!"

சேறு காலைப் பிடித்து இழுத்தது. அவள் போய்ச் சேருமுன் கிளை கீழே கிடந்தது.

"கண்ணுல என்ன கல்லா இருக்கு? நேத்து வாசல்ல வந்து சொன்னேனே!" தெருவே கேட்கக் கத்தினாள். தோகாஷி இயந்திரத்தை அணைத்தார். தேநீர் இடைவேளையில் யாரோ நீட்டிய சோற்று உருண்டையை அவள் தொடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தோகாஷி கிளையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உள்ள என்னமோ அசையுது, கினுயோசான்."

"அசையாம? உசுருல்ல? இன்னொரு தொட்டி கொண்டாங்க. கிளையை அதுக்கு மேல கட்டுங்க. ஐயோ, இறுக்காதீங்க! மழை வர்ற வரைக்கும் நுரை காயாம தினம் காலையில ஆறு மணிக்கு வந்து தண்ணி தெளிங்க."

"நானா?"

"பின்னே? வெட்டினது யாரு?"

திங்கட்கிழமை ஆறு ஐந்துக்கு வந்தவருக்கு அந்த ஐந்து நிமிடத்துக்காகத் திட்டு விழுந்தது. வியாழனன்று மழை கொட்டியது. அவள் பக்கத்துத் தொட்டிகளில் தலைப்பிரட்டைகள் எண்ண முடியாமல் கறுப்பாய் நெளிந்தன. மூன்றாவது தொட்டியில் பதினொன்று.

"பதினொண்ணு பொழைச்சிடுச்சே!" என்று தோகாஷி சிரித்தார்.

கினுயோ சிரிக்கவில்லை.

"மீதி எங்க, தலைவரே?"