தஞ்சோங் டாவாய் கடலுக்கு நடந்தே போனேன்

விடியற்காலை நான்கு மணி. சுங்கை லாலாங்கில் எங்கள் மாரியம்மன் கோயில் வாசலில் நாற்பது பேருக்கு மேல் கூடிவிட்டோம். அன்று மாசி மகம். அம்மனைத் தஞ்சோங் டாவாய் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டுவது எங்கள் மாமனார் காலத்திலிருந்து நடக்கிறது. அப்போது மாட்டு வண்டி, இப்போது சின்ன லாரி. ஜனங்கள் மட்டும் அன்றைக்கும் நடைதான், இன்றைக்கும் நடைதான். பீடோங், செமிலிங், மெர்போக் வழியாகச் சுமார் இருபத்தாறு கிலோமீட்டர் என்று வழிநடத்தும் சரவணன் சொன்னார். ஆளுக்கு முப்பது வெள்ளி கட்டணம். மஞ்சள் சட்டை, காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, கழுத்தில் மாட்ட நம்பர் அட்டை எல்லாம் அதிலேயே சேர்த்தி.

எனக்கு இது மூன்றாவது வருடம். முதல் வருடம் செமிலிங்கில் முட்டி பிடித்துக்கொண்டது, கூட வந்த வேனில் ஏறிவிட்டேன். போன வருடம் மெர்போக்கில் ஏறினேன். வேனில் போய் இறங்கிக் கடலைப் பார்த்தபோது, தாலி கட்டும்போது இல்லாமல் பந்திக்கு மட்டும் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்த வருடம் என்ன ஆனாலும் ஏறுவதில்லை என்று மனதில் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

சொல்லாவிட்டாலும் என் நாத்தனார் பாக்கியம் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்ன அண்ணி, ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கீங்க? பெரிய திட்டமா?"

"சும்மா இரு."

"வேன் டிரைவர் கேட்டாரு, இந்த வருசம் அந்தக்கா எங்க ஏறுவாங்கன்னு."

சரவணன் சுங்கை பட்டாணியில் ஃபேக்டரி வேலை செய்கிறவர். இதற்காக லீவு போட்டு வருவார். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

"கேட்டுக்குங்க லா. அம்மன் லாரி கடைசியில வரும். நடக்கிறவங்க யாரும் அம்மனுக்குப் பின்னால நிக்கக் கூடாது, அது பழைய கட்டு. அதனால மெதுவா நடக்கிறவங்க முன்னுக்கு வாங்க. கடல் தண்ணி ஒரு மணிக்கு ஏறி நிக்கும். ரெண்டுக்கு மேல சேறுதான்."

என்னை முதல் வரிசையில் நிறுத்தினார்கள். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் கடைசியில் ஒதுங்கி நிற்கிறவள் நான். அன்று நாற்பது பேரின் காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்தது.

ஐந்தரைக்குப் பீடோங் தாண்டினோம். தார் ரோடு இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய இடம் என்று சரவணன் ஓர் ஓடையைக் காட்டினார். இப்போது அதைச் சிமெண்டு போட்டு வாய்க்காலாக்கிவிட்டார்கள். ஏழரைக்குச் செமிலிங்கில் இட்லியும் வடையும் பசியாறினோம். குனோங் ஜெராய் மலை இடுப்பு வரைக்கும் மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. என் முட்டி அங்கேயே முனகத் தொடங்கியது. நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

மெர்போக் வந்தபோது பத்து மணி. வெயில் நெற்றியில் அடித்தது. சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு முஸ்லிம் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, தே ஓ குடிங்க" என்றார். உட்கார்ந்தால் எழுந்திருப்பேனோ என்று பயந்து நின்றபடியே குடித்தேன். பால் விடாத அந்தத் தேநீர் ஒன்றரை வெள்ளி. பாய் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அங்கேதான் பேச்சு வந்தது. கோயில் பொருளாளர் சுப்பையா அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சரவணா, இன்னும் பதிமூணு கிலோமீட்டர் இருக்கு. இந்த நடை நடந்தா மூணு மணிக்குத்தான் போவோம். அம்மனச் சேத்துல முக்கவா?"

"என்னண்ணே செய்யச் சொல்றீங்க?"

"முடியாதவங்களை வேன்ல ஏத்து. வருசா வருசம் ஏறுறவங்கதானே."

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் ரோட்டில் இருக்கும்வரை லாரி என்னைத் தாண்ட முடியாது. என் ஒருத்தியின் முட்டிக்காக அம்மனுக்கு நீராட்டு இல்லாமல் போகக் கூடாது. வேனின் கதவை அதற்குள் திறந்து வைத்திருந்தார்கள்.

கழுத்தில் இருந்த நம்பர் அட்டையைக் கழற்றிச் சரவணனிடம் நீட்டினேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து, "என்னம்மா?" என்றார். மறுபடி சொன்னேன்.

"இத வாங்கிக்குங்க தம்பி. நான் உங்க கூட்டத்துல இல்ல. ரோட்டுல போற யாரோ ஒரு பொம்பள. அம்மன் போகட்டும்."

"அதெப்படி?" என்றார் சுப்பையா அண்ணன்.

"அம்மனுக்குத் தெரியும்ண்ணே" என்றேன்.

சரவணன் தலையைச் சொறிந்தார். "வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும்."

பாக்கியம் தன் அட்டையையும் கழற்றி அவர் கையில் வைத்தாள். "இப்ப ரெண்டு பொம்பளைங்க. பதில் நான் சொல்லிக்கிறேன், நீங்க கிளம்புங்க."

"நீ எதுக்குடி?" என்று கேட்டேன்.

"உங்களத் தனியா விட்டா எங்கண்ணன் கனவுல வந்து அடிக்கும்."

கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் லாரியும் போனது. கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மனின் பின்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். பட்டுச் சேலையை மூன்று ஊக்கு குத்தி இறுக்கியிருந்தார்கள். லாரி வளைவில் மறைந்த பிறகு ரோடு வெறிச்சென்று ஆகிவிட்டது. கொஞ்சம் அழுகை வந்தது. நடந்தபடியே அழுதேன், வேர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

மெர்போக்குக்கு அப்பால் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள், தென்னை, சேற்றில் நிற்கும் காட்டு மரங்கள். நிழல் விட்டுவிட்டுத்தான் வரும். நிழல் கண்ட இடத்தில் நின்றோம், உட்காரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு மலாய்க்காரப் பெரியவர் காரை நிறுத்தினார். "நாய்க், மாச்சிக், நாய்க்" என்று ஏறச் சொல்லிப் பின் கதவைத் திறந்துவிட்டார். உள்ளிருந்து குளிர்காற்று என் முகத்தில் பட்டது. கை தானாகக் கதவைப் பிடித்துவிட்டது. பிறகு எடுத்துக்கொண்டேன்.

பரவாயில்லை, நடந்துதான் போகிறோம் என்று பாக்கியம் அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாள். "தாக் அப்பா, பாக். அடா நியாட். ஜாலான் காக்கி."

நியாட் என்றால் அவர்கள் வழக்கில் மனதில் வைத்துக்கொண்ட நேர்த்தி. பெரியவர், "ஓ, நியாட்" என்று தலையசைத்தார். மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. இரண்டு தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி ஆனது. இந்நேரம் அம்மன் தண்ணீரில் இறங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்க்க வந்ததே அதைத்தான். பாக்கியமும் அதையே நினைத்திருப்பாள்.

நெத்திலி காயும் வாசனை வந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தஞ்சோங் டாவாய். கூடாரத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அம்மன் ஈரக் கூந்தலும் புதுச் சேலையுமாக லாரியில் இருந்தாள். சுப்பையா அண்ணன் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

சரவணன் ஓடிவந்தார். "வந்துட்டீங்களாம்மா! கடல் தூரமா போயிடுச்சு. அதோ பைப் இருக்கு, கால் கழுவிட்டுச் சாப்பிடுங்க லா."

கடல் இருந்த இடத்தில் சேறு மினுங்கியது. தண்ணீர் அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பைப்பில் கால் கழுவவா இருபத்தாறு கிலோமீட்டர் நடந்தேன்? சாக்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கணுக்கால் வரைக்கும் புதைந்தது. சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்து, மணல் இறுகியிருந்த பக்கமாகக் கையைக் காட்டினார். அந்தப் பக்கமே போனேன். முன்னால் வந்தவர்கள் கரையில் இறங்கியதும் கடல் இருந்தது. எனக்கு மட்டும் அது இன்னும் நடக்க வைத்தது.

தண்ணீர் காலைத் தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து அள்ளித் தலையில் மூன்று தரம் தெளித்துக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தோன்றவில்லை. நின்றேன்.

கரையிலிருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "அண்ணி, போதும்! அப்படியே லங்காவித் தீவுக்குப் போயிடாதீங்க!"

கூடாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேரும் பார்க்க, நான் இன்னும் நாலு எட்டு உள்ளே போனேன்.