மிளகு மண்டியில் என் பெட்டி

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், முட்டாள் நான்தான். மலேசியாவிலிருந்து வந்த விமானத்தில் முப்பது கிலோ கொண்டுவந்த தெம்பில், இங்கே கம்பம் ஊர்ச் சொந்தக்காரர்கள் கொடுத்த ஏலக்காயையும் மிளகையும் பெட்டி பிதுங்கத் திணித்திருக்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் உள்நாட்டு விமானத்தில் பதினைந்து கிலோதானாம்! அதே நான், அதே பெட்டி, தூரமோ கால்வாசிகூட இல்லை. கேட்க ஆளில்லையா?

கொதிப்போடு பெட்டியைத் தூக்கிப்போய் மிளகு மண்டித் தராசில் வைக்கிறேன். மண்டிக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

"பதினஞ்சுதேன் இருக்கு. தைரியமாப் போங்க."

குதிக்காத குறை. இறக்கும்போது கை நம்ப மறுக்கிறது. குனிந்து பார்த்தால், தராசு பத்தொன்பது காட்டுகிறது.

"என்னண்ணே இது!"

"பெட்டிக்கு நாலு கிலோ கழிச்சுட்டேன். இங்கன சாக்கு எடையக் கழிச்சுட்டுத்தேன் சரக்கு எடை சொல்லுவோம்."

"ஏர்போர்ட்ல பெட்டியையும் சேர்த்துத்தான் நிறுப்பாங்கண்ணே!"

"பெட்டியவுமா? இது என்ன அநியாயமா இருக்கு!"

என்னைவிட அவருக்குத்தான் ஆத்திரம். எனக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. விமானக் கம்பெனிக்காரர்களின் நியாயத்தை மண்டி முழுக்கக் கேட்கும்படி நாறடிக்கிறேன். மிளகை எடுத்து வெளியே வைக்க மாட்டேன், சட்டையை வேண்டுமானால் கழற்றிப் போட்டுவிட்டுப் போவேன் என்று சபதம் செய்கிறேன்.

அவர் கொட்டாவி விடுகிறார்.

"பெட்டிய இங்கன போட்டுட்டு, சாக்குல கட்டிக்கிட்டுப் போங்க."